டார்க்ஃப்ளைட்டைப் பிரிக்க ஓர் ஆள்

எஞ்சினில் கோளாறு என்றால் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். பிரேக் தேய்ந்தால் கால் சொல்லும். ஆட்டோமாட்டிக் கியர்பாக்ஸ் மட்டும் மூடிய அலுமினியப் பெட்டி. உள்ளே என்ன நடக்கிறது என்று வண்டிக்காரருக்குத் தெரியாது. பிரித்தவர் சொல்வதுதான் கணக்கு. அவர் "எல்லாம் போச்சு" என்றால் போச்சு. "எல்லாம் மாத்தியாச்சு" என்றால் மாற்றியாகிவிட்டது. காசைக் கொடுத்துவிட்டு, வண்டி ஓடுகிறது என்ற ஒரே சாட்சியோடு வீட்டுக்கு வரவேண்டியதுதான். அதனால் பழைய வண்டியின் கியர்பாக்ஸ் விஷயத்தில் எதைச் சரிசெய்வது என்பதைவிட யாரிடம் கொடுப்பது என்பதுதான் பெரிய கேள்வி. இந்த வருடம் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அந்தக் கேள்வியோடுதான் அலைந்தேன்.

வண்டி என்னுடையதில்லை, பெரியப்பாவுடையது. 1971 டாட்ஜ் டார்ட், பச்சை நிறம், ஆறு சிலிண்டர் எஞ்சின். முப்பது டிகிரி சாய்த்து வைத்திருப்பதால் அந்த எஞ்சினுக்கு ஸ்லான்ட் சிக்ஸ் என்றே பெயர். பெரியப்பா 1979ல் படிக்க மிஷிகன் வந்தபோது 900 டாலருக்குப் பழையதாக வாங்கியது. பெரியம்மா கார் ஓட்டக் கற்றுக்கொண்டது இதில்தான். லைசென்ஸ் வாங்கியதும், என் அண்ணனையும் அக்காவையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்ததும் இதில்தான். அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிகள் வந்தன, போயின. இது மட்டும் கராஜை விட்டுப் போகவில்லை. குளிர்காலம் முழுக்கப் போர்வைக்குள் தூங்கும், ஏப்ரலில் எழுந்து வரும். வீட்டில் இதற்கு 'பச்சை' என்று பெயர்.

நான் டெட்ராய்ட் பக்கம் மெக்கானிகல் முதுகலை படிக்கிறேன். சனி, ஞாயிறு ரசம் சாதத்துக்காக அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவேன். மெக்கானிகல் படிக்கிறேன் என்ற ஒரே தகுதியில் இந்த வேலை என் தலையில் விழுந்தது. (எங்கள் பாடத்தில் கியர்பாக்ஸ் எல்லாம் சமன்பாடாகத்தான் வரும் என்பது பெரியப்பாவுக்குத் தெரியாது.)

நோய் இதுதான். ஏப்ரலில் வண்டியை எடுத்து டி-யில் போட்டால் நாலைந்து விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மெதுவாகப் பிடித்தது. ரிவர்ஸ் அதைவிடத் தாமதம். ரோட்டில் இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது எஞ்சின் ஒரு கணம் கட்டறுத்த மாடு மாதிரி சீறிவிட்டு அப்புறம்தான் வண்டி இழுத்தது. இங்கே இதற்கு 'ஃப்ளேர்' என்று பெயர்.

இந்த வண்டியில் இருப்பது டார்க்ஃப்ளைட் ஏ-904. டார்க்ஃப்ளைட் என்பது க்ரைஸ்லர் நிறுவனம் 1956ல் கொண்டுவந்த மூன்று வேக ஆட்டோமாட்டிக். முதலில் வந்தது இரும்புப் பெட்டி. 1960 மாடல் வேலியன்ட்டுக்காகச் சிறியதாக, அலுமினியத்தில் செய்ததுதான் 904. பலமான எஞ்சின்களுக்கு 1962 மாடல்களிலிருந்து 727 என்று பெரிய அண்ணன் வந்தது. 1964 வரை இவற்றில் கியர் மாற்றக் கைப்பிடி கிடையாது, டாஷ்போர்டில் ரேடியோ மாதிரி பொத்தான்கள்! 904ன் வாரிசுகள் 2002 வரை ஜீப் ராங்ளரில் வந்தன. ஆகவே உதிரி பாகத்துக்குப் பஞ்சமே இல்லை. சீல், க்ளட்ச் தகடு, பேண்ட் எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு விற்கிறார்கள். பஞ்சம் ஆட்களுக்குத்தான். இன்றைய கியர்பாக்ஸ்களைக் கம்ப்யூட்டர் நடத்துகிறது. கடைகளில் பெரும்பாலும் பழையதைக் கழற்றிவிட்டு, தொழிற்சாலையில் புதுப்பித்து வந்ததை மாட்டுகிறார்கள். எண்ணெய் அழுத்தத்தை வைத்தே யோசிக்கும் ஒரு பெட்டியை மேசையில் பிரித்துப் போட்டு, தேய்ந்தது எது தேயாதது எது என்று பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கு வயதாகிவிட்டது.

முதல் கடைக்குப் போன் செய்தேன். தாமதமாகப் பிடிக்கிறது என்று சொல்லி வாய் மூடவில்லை, முழு ரீபில்ட், 2,800 டாலர் என்றார்கள். வண்டி என்ன மாடல் என்று அதற்குப் பிறகுதான் கேட்டார்கள்.

இரண்டாவது கடை எக்ஸ்சேஞ்ச். நம் பெட்டியை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், புதுப்பித்த வேறொரு பெட்டியை மாட்டித் தருவார்கள். 2,200 டாலர், மூன்று வருட வாரண்டி, இரண்டே நாள். இது ஏமாற்று வேலை இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். தினமும் வேலைக்குப் போகிற வண்டியாக இருந்தால் நானே இதைத்தான் எடுப்பேன். ஆனால் 1968 முதல் வந்த க்ரைஸ்லர் வண்டிகளில் கியர்பாக்ஸ் மேலேயும் வண்டி எண்ணின் ஒரு பகுதி குத்தப்பட்டிருக்கும். எங்கள் டார்ட்டில் இரண்டும் ஒன்றாக இருந்தன. அதாவது ஐம்பது வருடத்துக்கு மேல் அதே பெட்டி. எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் போனது போனதுதான். பெரியப்பா ஓய்வுபெற்ற என்ஜினியர், அவருக்கு எழுத்தில் வரும் வாரண்டி பிடிக்கும். பெரியம்மாதான், "பழைய பித்தளை அண்டாவைக் குடுத்துட்டு எவர்சில்வர் வாங்கின மாதிரி ஆயிடும்" என்றார். (எங்கள் ஆச்சி வீட்டில் அப்படி ஓர் அண்டா போனது. இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.)

மூன்றாவது கடைக்காரர், "இந்த வகை நாங்கள் இப்போது செய்வதில்லை, செய்தவர் ஓய்வு பெற்றுவிட்டார்" என்று நேராகச் சொல்லிவிட்டார். மூன்று பேரில் எனக்கு இவர்மேல்தான் மரியாதை வந்தது, என்ன பிரயோஜனம்?

என் அறைத்தோழன் பொருளாதாரம் படிக்கிறான். புலம்பியபோது சிரித்தான். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தை எப்படிக் கெடும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970ல் ஒரு கட்டுரை எழுதினார், அவர் எடுத்த உதாரணமே பழைய கார்தான், 2001ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது என்றான். அகர்லாஃப் சொன்ன கார் பரவாயில்லையாம், வாங்கி ஓட்டினால் கொஞ்ச நாளில் குட்டு உடைந்துவிடும். ரிப்பேர் அதைவிட மோசம். மாற்றிய பிறகும், மாற்றத் தேவை இருந்ததா என்பது கடைசிவரை தெரியாது. டார்பி, கர்னி என்ற இருவர் 1973ல் இப்படிப்பட்டவற்றுக்குத் தனியாக ஒரு பெயரே வைத்தார்களாம், தமிழில் 'நம்பிக்கைச் சரக்கு' என்று சொல்லலாம். வைத்தியமும் இதே ஜாதிதான்.

ஊரில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. பெரியப்பா சொல்வார், மதுரையில் தாத்தாவின் அம்பாசடரைப் பிரிக்கும்போது பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவாராம். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டும் கண் முன்னால். மெக்கானிக்குக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு, தேய்ந்த பேரிங்கைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். இங்கே அது நடக்காது. காப்பீட்டுக் காரணம் சொல்லி, கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்க வைத்துவிடுவார்கள். அதற்குப் பதில் மிஷிகனில் ஒரு சட்டம் இருக்கிறது. 1974ல் வந்தது. பழுதுபார்க்கும் கடை மாநிலத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும், மெக்கானிக்குக்கு வேலை வாரியாகச் சான்றிதழ் வேண்டும், மதிப்பீடு எழுத்தில் வேண்டும், கழற்றிய பழைய பாகங்களை வாடிக்கையாளர் கேட்டுப் பெறலாம். சான்றிதழ் வகைகளில் ஆட்டோமாட்டிக் ட்ரான்ஸ்மிஷன் தனி வகை. இதைத் தவிர, 1954லிருந்து கியர்பாக்ஸ் புதுப்பிப்பவர்களுக்கென்றே ஏட்ரா என்ற சங்கமும் இருக்கிறது. சான்றிதழும் சங்கமும் ஆளை வடிகட்ட உதவும். ஆனால் 2,800 டாலர் கடையின் சுவரிலும் இதே சான்றிதழ் தொங்குகிறதே!

ஆகவே ஆளை ஆளிடம்தான் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மே மாதம் வந்தால் இந்தப் பக்கம் வார இறுதிகளில் எங்காவது ஒரு கார் நிறுத்துமிடத்தில் பழைய வண்டிகள் கூடும். (ஆகஸ்டில் உட்வர்ட் சாலையில் நடப்பது இதன் திருவிழா. அன்று சாலையில் நடந்துபோனால் வண்டிகளைவிட வேகமாகப் போகலாம்.) அங்கே போய், "நல்ல கியர்பாக்ஸ் ஆள் யார்?" என்று கேட்டதில் ஒன்றும் தேறவில்லை. எல்லோருக்கும் ஒரு மச்சான் இருக்கிறார். இரண்டாவது வாரம் கேள்வியை மாற்றினேன். உங்கள் பெட்டியை யார் பிரித்தார்? எத்தனை வருடம் ஆச்சு? அதன் பிறகு எத்தனை மைல் ஓடியது? அப்புறம் ஏதாவது கோளாறு வந்ததா, வந்தபோது அவர் என்ன செய்தார்? கடைசிக் கேள்விக்குத்தான் ஆட்கள் உண்மையான பதில் சொன்னார்கள். "போனையே எடுக்கவில்லை", "நீங்கள் ஓட்டுகிற விதம் சரியில்லை என்றார்" என்று நிறைய வந்தது.

ஒரு பெயர் இரண்டு பேரிடமிருந்து வந்தது. அதில் ஒருவர் புகாராகத்தான் சொன்னார். ரொம்ப மெதுவான மனிதர், என் வண்டியை ஆறு வாரம் வைத்துக்கொண்டார், என்றார். பிறகு என்ன ஆச்சு என்று கேட்டேன். பின்பக்க சீல் கசிந்ததாம். அவரே வீட்டுக்கு வந்து வண்டிக்கு அடியில் படுத்துச் சரிசெய்துவிட்டு, காசு வாங்காமல் போனாராம். நான்கு வருடம் ஆகிறது, இன்னும் ஓடுகிறது. அந்த வயிற்றெரிச்சலை விடச் சிறந்த சிபாரிசு எனக்குக் கிடைக்கவில்லை.

எழுபதைத் தாண்டியவர். ஊருக்கு வெளியே இரண்டு வண்டி நிற்கும் அளவு கொட்டகை, பெயர்ப்பலகை கிடையாது, மாநிலச் சான்றிதழ் மட்டும் சுவரில் இருந்தது. போனில் விலை கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றார். அதற்குப் பதிலாக வரிசையாகக் கேள்விகள். எண்ணெயை எந்த நிலையில் வைத்து அளந்தீர்கள்? குளிர்காலம் முழுக்க நின்றிருந்ததா? சமீபத்தில் எஞ்சினில் யாராவது கை வைத்தார்களா?

ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் இருந்தது. டார்க்ஃப்ளைட்டில் எண்ணெயை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நியூட்ரலில் வைத்துத்தான் அளக்க வேண்டும். பார்க்கில் வைத்தால் பம்ப் டார்க் கன்வெர்ட்டரை நிரப்பாது, அளவு தப்பாகக் காட்டும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் கன்வெர்ட்டரின் எண்ணெய் கீழே வடிந்துவிடும். அப்போது முதல்முறை பிடிக்கத் தாமதமாவது நோயே இல்லை, நியூட்ரலில் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் சரியாகிவிடும். முதல் கடை 2,800 டாலருக்கு மருந்து எழுதியது இந்த அறிகுறிக்குத்தான்.

நாங்கள் நியூட்ரலில் ஓடவிட்டுப் பார்த்தோம். காலைத் தாமதம் போய்விட்டது. ரிவர்ஸ் தாமதமும், இரண்டிலிருந்து மூன்றுக்குச் சீறுவதும் போகவில்லை. வண்டியைக் கொண்டு வாருங்கள் என்றார்.

பெரியவர் முதலில் செய்தது எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு வண்டியை ஓட்டியது. இந்தப் பெட்டிக்குள் இரண்டு க்ளட்ச், இரண்டு பேண்ட், ஒரு ஒருவழி க்ளட்ச். முன்னே போகும் எல்லா கியருக்கும் பின் க்ளட்ச் பிடித்திருக்கும். இரண்டாவதுக்கு முன் பேண்ட் சேரும். மூன்றாவதுக்கு அது விட்டு முன் க்ளட்ச் பிடிக்கும். ரிவர்ஸுக்கு முன் க்ளட்சும் பின் பேண்டும். ஆக, மூன்றாவதும் ரிவர்ஸும் கெட்டால் இரண்டுக்கும் பொதுவான முன் க்ளட்ச் மேல் சந்தேகம். ஆனால் பின் பேண்டாலும் ரிவர்ஸ் கெடலாமே? அதற்கு அவர் லீவரை 1ல் போட்டுக் காலை எடுத்தார். டி-யில் போகும் முதல் கியரில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. 1ல் போட்டால் பின் பேண்ட் பிடித்து எஞ்சின் பிரேக் மாதிரி இழுக்கும். வண்டி நன்றாக இழுத்தது. பின் பேண்ட் நிரபராதி. பத்து நிமிடம், கையில் ஒரு ஸ்பேனர்கூட இல்லை. பின் சீட்டில் பெரியப்பா ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வாரண்டிக் காகிதம் அங்கேதான் தோற்றது என்று நினைக்கிறேன்.

கொட்டகைக்குத் திரும்பியதும் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் துளையில் அழுத்தமானியை மாட்டினார். அழுத்தம் குறைவு. பிறகு த்ராட்டில் லீவரைக் கையால் பின்னுக்குத் தள்ளினார். முள் சர்ரென்று ஏறியது. அப்படியென்றால் பம்ப் நன்றாக இருக்கிறது. பிறகு ஏன் ரோட்டில் அழுத்தம் வரவில்லை?

இந்தப் பெட்டியில் கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸ் வரை ஓர் இரும்புக் கம்பித் தொடர் போகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அது லீவரைத் தள்ளி, எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று உள்ளே சொல்லும். எங்கள் வண்டியில் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கடையில் கார்புரேட்டர் மாற்றினார்கள். கம்பியைத் திரும்பக் கோத்தவர்கள், நீளத்தைச் சரிசெய்யவில்லை. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் லீவர் பாதிக்குக் கீழேதான் நகர்ந்தது. அதாவது இரண்டு வருடமாக முன் க்ளட்ச் போதிய அழுத்தமில்லாமல் வழுக்கி வழுக்கித் தேய்ந்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் எந்தப் பெட்டியை மாட்டியிருந்தாலும், எக்ஸ்சேஞ்ச் பெட்டியோ புத்தம் புதுப் பெட்டியோ, அதுவும் கருகியிருக்கும். 2,200 டாலர் புகையாகப் போயிருக்கும், வாரண்டியில் தகராறும் வந்திருக்கும்.

மதிப்பீட்டை அவர் இரண்டு பாகமாக எழுதிக் கொடுத்தார். சீல், கேஸ்கெட், க்ளட்ச் தகடு, பேண்ட் போன்ற தேயும் சாமான்களும் கூலியும் ஒரு பாகம். இது நிலையான தொகை. ட்ரம், பம்ப், பல்சக்கரம் போன்ற கடினப் பாகங்கள் இரண்டாவது பாகம். பிரித்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் போன் செய்து சம்மதம் வாங்கிய பிறகே மாற்றுவது. மொத்தம் 2,400 டாலரைத் தாண்டாது. பெட்டி மேல் குத்தியிருக்கும் எண்ணையும் தாளில் குறித்து எங்களைச் சரிபார்க்கச் சொன்னார்.

பிரிக்கும் நாளில் வரச் சொல்லியிருந்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம்! பெரியப்பாவுக்கு உட்கார ஒரு கவிழ்த்த வாளி. பிரிப்பதற்கு முன் உள்தண்டு முன்னும் பின்னும் எவ்வளவு ஆடுகிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்து எழுதினார். உள்ளே உள்ள வாஷர்கள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதற்கு அதுதான் முதல் சாட்சி. பிரித்த பிறகு அளக்க முடியாது. முன் க்ளட்சைத் திறந்தபோது கருகின வாடை எனக்கே வந்தது. தகடுகளில் கரி, நடுவிலிருந்த எஃகு வட்டங்களில் நீலப் புள்ளிகள், பிஸ்டனின் ரப்பர் சீல் விரலால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி கடினம். பின் க்ளட்சை எடுத்துக் காட்டி, இது இன்னும் பத்து வருடம் போகும், திறந்ததால் மாற்றுகிறேன், அவ்வளவுதான் என்றார். பல்சக்கரங்களைத் துடைத்து வைத்து, இவை அப்படியே இருக்கட்டும் என்றார். பம்பில் ஒரு புஷ் மட்டும் தேய்ந்திருந்தது. அதற்குச் சம்மதம் கேட்டார். எதிரே வாளியில் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் முறைப்படி கேட்டு, தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

நல்ல ஆள் எதையெல்லாம் மாற்றுகிறார் என்றுதான் பலரும் பார்க்கிறார்கள். நான் அன்று கவனித்தது, எதை மாற்ற வேண்டாம் என்று அவர் சொன்னதை. நன்றாக இருக்கும் பல்சக்கரத்தைக் காட்டி "இதுவும் போச்சு" என்றிருந்தால் நாங்கள் இருவரும் தலையாட்டியிருப்போம்.

டார்க் கன்வெர்ட்டர் வெளியே போய், வெட்டிச் சுத்தம் செய்து மறுபடி வெல்ட் ஆகி வர மூன்று வாரம். ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குழாயையும் கழுவினார். பழைய கரி அதற்குள்ளும் போயிருக்குமாம், அதை விட்டால் புதுப் பெட்டிக்குள் திரும்ப வந்துவிடும். ஆறு வாரம் என்று கேள்விப்பட்டிருந்தோம், ஏழு வாரம் ஆனது. நடுவில் பெரியப்பா நான்கு முறை போன் செய்தார், ஒவ்வொரு முறையும் எடுத்தார். உட்வர்ட் திருவிழா முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் வண்டி வந்தது. பெரியப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். பில் 2,060 டாலர். டிக்கியில் ஓர் அட்டைப்பெட்டியில் கருகின தகடுகள், பழைய சீல்கள், தேய்ந்த புஷ் எல்லாம் இருந்தன. நாங்கள் கேட்கவில்லை, அவரே வைத்திருந்தார்.

இப்போது மூன்றாவது கியர் விழுவது பெரியம்மாவுக்குத் தெரிவதில்லை. முதலில் கொஞ்ச நாள் "மாறிடுச்சா? மாறிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். 500 மைல் ஓட்டிவிட்டுக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் பெரியவர். அடித்தட்டைக் கழற்றி உள்ளே துகள் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்த்து, பேண்டை மறுபடி ஒருமுறை சரிசெய்ய வேண்டுமாம். அதற்குக் காசில்லை. இன்று காலை வரை ஓடியது 312. பனி தொடங்கி ரோட்டில் உப்பு தூவ ஆரம்பித்துவிட்டால் பச்சை வெளியே வராது. அதனால் வீட்டில் தயிர் தீர்ந்தால்கூடப் பெரியம்மா சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார், அதுவும் சுற்று வழியில்.